பின்வளவில் ஒரு வேலைக்கொட்டில்



யாழ்ப்பாணத்து வீட்டைப் பற்றிப் பேச எழுந்தால் நாற்சார் முற்றத்தையும் தலைவாசலையும் சங்கடப் படலையையும் தாண்டி நாம் போவதில்லை. அவை அழகானவை, பேச்சுக்கும் படத்துக்கும் உகந்தவை. கிணற்றடிக்கும் பின்வேலிக்கும் நடுவே நின்ற கொட்டிலைப் பற்றிப் பேசுபவர் குறைவு. மண்வெட்டி, அலவாங்கு, கொக்கத்தடி, உளி, வாள், தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் கழற்றிய பாகங்கள் எல்லாம் அங்கேதான் கிடந்தன. இன்று நான் முன்வைக்கும் வாதம் அந்தக் கொட்டிலைப் பற்றியது. ஒரு பொருளைத் திருத்துவது பெரும்பாலும் ஒரு மூச்சில் முடியும் வேலையில்லை. கழற்றியதைப் பரப்பிவைத்து, இல்லாத உதிரிப்பாகத்தைத் தேடிப்போய், மறுநாளோ மறுகிழமையோ வந்து தொடரவேண்டும். பாதியில் நிற்கும் வேலை அசையாமல் கிடக்க இடமில்லாத வீட்டில் திருத்திப் பாவிக்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்கு மேல் தங்காது. குடாநாடு அந்த இடத்தை இழந்து வருகிறது. அதை மீண்டும் கட்டிக்கொள்ள எட்டடிக்குப் பத்தடி நிலம் போதும்.

சான்று தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் என்று நீண்ட பட்டியல் ஒன்றுக்குத் தடை வந்தது. 1950 முதல் இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் அந்த ஆண்டிலேயே மூடப்பட்டது. சுண்ணாம்புக் கல்லின் மேல் குடியிருந்த சனம் ஒரு பை சீமெந்துக்கு அலைந்தது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியில் எரித்த சிக்கன விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவில் ஓடிய றேடியோவில் மற்றவர்கள் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின.

இந்தக் கடைசி விடயத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை; குளிர்ந்த எஞ்சினில் பற்றிக்கொள்ளாது. ஆகவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். இந்த உபாயத்தைத்தான் எல்லோரும் வியந்து சொல்வார்கள். அதற்குப் பிறகு வரும் உழைப்பைச் சொல்வதில்லை. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரனின் ஓரத்தால் வழிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கவைக்கும். பிளக்கில் கரி படியும். நாளடைவில் எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றிக் கரி சுரண்டவேண்டி வரும். கழற்றிய நட்டும் வாசரும் தொலையாமல் ஒரு தட்டில் கிடக்கவேண்டும், பிள்ளைகளும் கோழியும் அதைத் தட்டாமல் இருக்கவேண்டும், மழை படக்கூடாது. ஒரு தடவை தோன்றிய புத்திக்கூர்மையால் மட்டும் அந்த வாகனங்கள் ஓடவில்லை. ஓயாமல் கழற்றிப் பூட்டிய கைகளால் ஓடின. அந்தக் கைகளுக்குக் கராஜிலோ சைக்கிள் கடையிலோ பின்வளவுக் கொட்டிலிலோ கூரையுள்ள ஒரு மூலையும், எறியாமல் வைத்திருந்த பழைய சாமானும் இருந்தன.

தடைக்காலத்தைப் புகழ்கிறாயா என்று இங்கே ஒருவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மருந்துக்கும் உணவுக்கும் அலைந்த காலத்தைச் சாதனைக் கதையாக மாற்றுவது, அதை அனுபவித்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஒரு சனத்தின் கெட்டித்தனத்தைக் காட்டி, அவர்களுக்கு இழைக்கப்பட்டதைச் சின்னதாக்க முடியாது. நான் சொல்வது இவ்வளவுதான்: நெருக்கடி வந்த பிறகு எவரும் திருத்த வேலையைப் புதிதாகக் கற்கத் தொடங்கவில்லை. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டுத் தோட்டச் செய்கை செழித்தபோது இறைப்பு இயந்திரங்கள் வளவுக்கு வளவு பெருகியிருந்தன. அவற்றைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கைகள் 1990க்கு முன்னரே இங்கு இருந்தன. கருவியும் இடமும் பழக்கமும் முன்கூட்டியே கிடந்தபடியால்தான் நெருக்கடியில் அவை உதவின.

போருக்குப் பின் கட்டிய வீடுகளில் இந்த மூன்றில் இடம்தான் முதலில் காணாமல் போனது. இந்திய அரசின் உதவியில் வடக்குக்கும் கிழக்குக்கும் ஏறத்தாழ 46,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2012 அக்டோபரில் தொடங்கிய பெருங்கட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டங் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. மேசனைப் பிடிப்பதும் மணல், கல் வாங்குவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பத்துக்கு அறையும் குசினியும் மலசலகூடமும்தான் முதற்தேவை. திட்டத்தில் கொட்டில் இல்லை என்று குறை சொல்ல எனக்கு மனமில்லை. சொந்தக் காசிலோ வெளிநாட்டுக் காசிலோ இரண்டு மாடி எழுப்புபவர்களைப் பற்றித்தான் என் கேள்வி. அந்த வரைபடத்தில் கார் நிற்க இடம் உண்டு, மேல்மாடியில் சாமியறை உண்டு, விருந்தினர் அறை உண்டு. சுத்தியல் எங்கே என்று கேட்டால் மாடிப்படியின் கீழ், சீமெந்துப் பைக்குள், துருவேறி இருக்கும்.

முதல் மறுப்பு நிலத்தைப் பற்றியது. நம் வழமைச் சட்டமான தேசவழமை 1707இல் எழுத்தாக்கப்படுவதற்கு முன்பிருந்தே காணி சீதனமாகப் பிரிந்து வருகிறது. பத்துப் பரப்பு வளவு இரண்டு பரப்பாகி, அதற்குள்ளும் பாதை விட்டு வேலி அடைக்கும் காலம் இது. கொட்டிலுக்கு எங்கே போவது? கணக்குப் பார்ப்போம். ஒரு பரப்பு பத்துப் பேர்ச். இரண்டு பரப்பு 5,445 சதுர அடி. எட்டுக்குப் பத்துக் கொட்டில் 80 சதுர அடி, அதாவது வளவில் ஒன்றரை வீதம். கார்க் கொட்டகையின் பாதிகூட வராது. ஒரு பரப்புக்குள் குடியிருப்பவருக்கும் பின்சுவரோடு சேர்த்து நான்கடி அகலத்தில் ஒரு பத்தி இறக்க முடியும். மதிலோடு ஒட்டிக் கட்டினால் அயலவரோடு வழக்கு வரும். உள்ளூராட்சி சபையிடம் இடைவெளி எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கட்டுவது புத்தி. மனையடி சாஸ்திரம் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், கொட்டிலுக்கு எந்த மூலை சொன்னாலும் பரவாயில்லை, கட்டினால் சரி.

இரண்டாவது மறுப்பு இதைவிடப் பலமானது. எல்லாம் மலிவாகக் கடையில் கிடைக்கும்போது திருத்துவானேன்? ஆளைக் கூப்பிட்டால் வந்து செய்துவிட்டுப் போவான்தானே? சந்தை ஒழுங்காக ஓடும் வரையில் இது சரியான வாதம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து டொலர் இல்லாமல் வேறு பல பொருட்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. மூலையில் கிடந்த சைக்கிள்களை ஊரே வெளியே எடுத்தது. ரியூப் ஒட்டவும் செயின் கழற்றவும் வீட்டில் தெரிந்தவர் இருந்தால் அன்றே ஓடின. இல்லாதவர்கள் சைக்கிள் கடையில் இன்னொரு வரிசையில் நின்றார்கள். முப்பத்திரண்டு வருடத்துக்குள் இரண்டு தரம் பாடம் வந்துவிட்டது. கூலிக்கு ஆள் என்பதும் அப்படித்தான். கதவுப் பிணைச்சலில் கழன்ற ஒரு திருகாணிக்காகத் தச்சர் வரமாட்டார். வந்தாலும் அவருடைய நாட்கூலிக்கு அது பெறுமதியான வேலையாகாது. அந்தத் திருகாணி ஒரு வருடம் கழன்றே கிடக்கும். கதவு தொங்கி நிலையை இழுத்த பிறகு முழுக் கதவுக்கும் செலவழிப்போம்.

கைவினைஞரின் பிழைப்பைக் கெடுக்கும் யோசனை இது என்று சிலர் சொல்லக்கூடும். கடைச்சல் இயந்திர வேலை, உலையில் காய்ச்சி அடிக்கும் வேலை, நல்ல தச்சுவேலை எதுவும் பின்வளவுக் கொட்டிலுக்கு வந்துவிடாது. சீவுளியைத் தானே பிடித்துப் பார்த்தவருக்குத்தான் ஒரு ஆசாரியாரின் வேலை ஏன் அந்த விலை பெறுகிறது என்று விளங்கும். இந்த மறுப்பின் அடியில் வேறொன்று ஒளிந்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன். தச்சு ஒரு சாதிக்கு, கொல்லு இன்னொரு சாதிக்கு என்று கட்டிவைத்து, கையில் கரி படாமல் பேனா பிடிப்பதையே உயர்வென்று பிள்ளைகளுக்குப் படிப்பித்த சமூகம் நாம். 1972இன் கல்விச் சீர்திருத்தம் பாடசாலைகளில் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது. 1977இல் ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது. பல்கலைக்கழக வாசலை மட்டுமே பார்த்திருந்த பெற்றோர் அதற்காகக் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. கனடாவில் தன் வீட்டு நிலவறையில் தானே பலகை அறுக்கும் அதே யாழ்ப்பாணத்தவர் ஊருக்கு வந்தால் ஒரு பல்ப் மாற்றவும் ஆளைத் தேடுவது வேடிக்கைதான். பெண்களையும் இங்கே மறக்கக்கூடாது. போருக்குப் பின் பெண்ணே தலைமை தாங்கும் குடும்பங்கள் வடக்கில் ஏராளம். குறடும் ஸ்குரூட்றைவரும் எட்டும் உயரத்தில், தெரியும் இடத்தில் தொங்கும் வீட்டில் அந்தப் பெண் எவர் வரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி எப்படிக் கட்டுவது? குடாநாட்டில் கட்டுமானத்தைத் தீர்மானிப்பது காற்றும் உப்பும் கறையானும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடையோடு மழை வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து செம்மண் புழுதியை வாரிக் கொட்டுகிறது. எனவே வடக்கும் கிழக்கும் மூடிய சுவர். மேற்கில் மாலை வெயிலுக்கும் புழுதிக்கும் தடுப்பு. வாசல் தெற்கில், மூன்றடி தாழ்வாரத்தோடு. நிலத்தை ஓரடி உயர்த்தவேண்டும்; கார்த்திகையில் வெள்ளம் நிற்கும் வளவென்றால் இன்னும் கொஞ்சம் கூட. நில மட்டத்தில் தடித்த பொலித்தீன் விரித்து அதன் மேல் சீமெந்து போட்டால் ஈரம் ஏறாது. மரக் கப்பை நேரே மண்ணில் நடாமல் சீமெந்துக் கட்டையின் மேல் நிறுத்துங்கள். மேசையைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். கறையான் ஏறுவதை அதன் மண்குழாய்தான் காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குத் தெரிந்தால் தட்டிவிடலாம், மறைவில் ஏறினால் மேசை போன பிறகுதான் தெரியும்.

கூரைக்கு என் தெரிவு பழைய ஓடும் பழைய பனஞ் சிலாகையும். ஊரெல்லாம் பழைய வீடுகளை இடிக்கிறார்கள். ஐம்பது அறுபது வருடம் பாரம் தாங்கிய பனைமரம் விறகுக்குப் போகிறது. பனையின் வலு வெளிச்சுற்றின் கரிய வைரத்தில் இருக்கிறது, நடுவில் உள்ளது மெதுவான சோற்றி; முற்றிய மரத்தில் பிளந்த சிலாகையில் ஆணி இறங்க மறுக்கும், முதலில் துளைத்துவிட்டுத்தான் அடிக்கவேண்டும். தகரம் மலிவு, ஆனால் சித்திரை மத்தியானத்தில் அதன் கீழ் ஒருவர் நிற்க முடியாது. தகரத்துக்கு மேல் கிடுகு வேய்ந்தால் குளிரும். கிரைண்டர் பொறியும் பெற்றோலும் இருக்கும் இடத்தில் கிடுகை நான் சொல்லமாட்டேன். அஸ்பெஸ்ரஸும் வேண்டாம்; அதை அறுக்கும்போதும் துளைக்கும்போதும் எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு. வெளிச்சத்துக்குக் குசினிக் கூரையில் வைப்பதுபோல் இரண்டு கண்ணாடி ஓடு. மின்சாரம் இழுத்தால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் இழுக்கவே வேண்டாம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று றில் பிடிக்கும் ஊர் இது.

கட்டிடத்தைவிட உள்ளே இருக்கும் ஒழுங்குதான் பெரிய விடயம். குடாநாட்டில் கடலோ கடல்நீரேரியோ எட்டாத ஊர் இல்லை; உப்புக்காற்று எங்கும் வரும். இரும்பைச் சீமெந்துச் சுவரில் சாத்தினால் தொட்ட இடத்தில் துரு பிடிக்கும். ஆகவே சுவரிலிருந்து விலக்கி ஒரு பலகை அறைந்து, அதில் தொங்கவிடவேண்டும். தேங்காயெண்ணெய் பூசுவோர் உண்டு. அது நாளாகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், தையல் மிசின் எண்ணெய் மெல்லிய துணியில் தொட்டுத் துடைப்பது நல்லது. அரத்துக்கு மட்டும் எண்ணெய் காட்டக்கூடாது, பல்லிடுக்கில் தூள் அடைந்து வழுக்கும். நாளாந்தம் தொடும் குறடு, சுத்தியல், ஸ்பானர் கண்மட்டத்தில். மாதத்தில் ஒருதரம் எடுப்பவை மேலே. அலவாங்கும் பிக்கானும் வாசலோரம். ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பலகையில் பென்சிலால் சுற்றி வரைந்துவிட்டால், வெறுமையாக நிற்கும் உருவம் பார்த்தவுடன் சொல்லிவிடும்: இரவல் போனது திரும்பவில்லை. ஆணிக்குப் பால்மா ரின். நட்டு, வாசருக்கு ஜாம் போத்தல், மூடியைத் தட்டின் அடியில் அறைந்து போத்தலைத் திருகித் தொங்கவிட்டால் உள்ளே இருப்பது தெரியும். மேசை, நிமிர்ந்து நிற்பவரின் மணிக்கட்டு உயரம். அதன் மூலையில் ஒரு வைஸ். நம் தச்சர்கள் நிலத்தில் குந்தியிருந்து காலால் மரத்தைப் பிடித்தும் வேலை செய்தவர்கள். எனவே தரையிலும் ஒரு பாய் விரிக்குமளவு இடத்தைக் காலியாக விடவேண்டும்.

இந்தக் காலியிடம்தான் எல்லாவற்றிலும் முதலில் பறிபோகும். என் யோசனைக்கு எதிரான மிகக் கடுமையான மறுப்பும் இதுவே: கொட்டில் கட்டினால் ஆறு மாதத்தில் அது குப்பை அறையாகும். உண்மை. எதையும் எறியாதே என்று தடைக்காலம் நமக்குப் படிப்பித்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஓடாத மின்விசிறி, வெடித்த பிளாஸ்ரிக் வாளி, எவருக்கும் பொருந்தாத ரயர் எல்லாம் ஒருநாள் உதவும் என்று உள்ளே வருகின்றன. வேலை செய்யும் இடத்தை அவை விழுங்கியபின் கருவியும் புதையுண்டு போகிறது. பாகம் வேறு, குப்பை வேறு. மின்விசிறியிலிருந்து செப்புக் கம்பியையும் போல்ட்டையும் கழற்றிப் போத்தலில் இட்டால் அது பாகம். விசிறியை முழுசாக வைத்திருந்தால் குப்பை. இதற்கு நம்மிடமே ஒரு வழக்கம் இருக்கிறது. வருடத்தில் ஒருநாள் ஆயுத பூசைக்கு எல்லாக் கருவிகளையும் எடுத்துக் கழுவித் துடைத்துப் பொட்டிட்டு வைக்கிறோம். ஒரு வீட்டில் என்ன இருக்கிறது, எது உடைந்தது, எது தொலைந்தது என்று முழுதாகக் கண்ணுக்குத் தெரியும் நாள் அதுதான். அன்றைக்கு முதல்நாள், ஒரு வருடமாகத் தொடாத எதுவும் கொட்டிலை விட்டு வெளியேறவேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஜப்பானியத் தொழிற்சாலை ஒழுங்குமுறை எதையும் நாம் இரவல் வாங்கத் தேவையில்லை.

கிணற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் கால் கீழே வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது தங்குதடையின்றி நன்னீருக்கு இறங்கும். சுன்னாகத்தில் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் உயர் நீதிமன்றம் 2019இல் இரண்டு கோடி ரூபா நட்டஈடு விதித்தது. நம் கொட்டிலில் சேரும் கழிவு ஒயில் அதன் முன் துளிதான், ஆனால் அது நம் கிணற்றடியில் ஊற்றப்படும் துளி. கறையானுக்கென்று கப்பின் அடியில் பழைய ஒயில் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். மூடியுள்ள கானில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் இடத்தில் கொடுங்கள். கொட்டிலைக் கிணற்றிலிருந்து இயன்றளவு தள்ளி வையுங்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் றில், ஒவ்வொரு வீட்டுக்கும் கிரைண்டர் என்பது வீண்செலவு என்பதையும் நான் ஏற்கிறேன். அமெரிக்காவின் பேர்க்லி நகரப் பொதுநூலகம் 1979 முதல் புத்தகத்தோடு கருவியும் இரவல் கொடுக்கிறது. அம்ஸ்ரடாமில் 2009இல் ஒரு பெண்மணி தொடங்கிய திருத்தகம், அயலவர் கூடி உடைந்ததைத் திருத்தும் வழக்கமாகப் பல நாடுகளுக்குப் பரவியது. நம்மிடம் ஒழுங்கைக்கு ஒழுங்கை சனசமூக நிலையம் இருக்கிறது. பல இடங்களில் அங்கு காலைப் பத்திரிகையைத் தவிர வேறெதற்கும் ஆள் வருவதில்லை. கைக்கருவி வீட்டில், மின்கருவி வாசிகசாலையில் என்று பிரித்துக்கொண்டால் செலவும் பங்காகும், பின்னேரத்தில் இளைஞர் கூட ஒரு காரணமும் கிடைக்கும். வெளிநாட்டில் இருந்து கோயில் கோபுரத்துக்குக் காசு அனுப்பும் அன்பர்களிடம், ஒரு வருடம் மட்டும் ஊர் வாசிகசாலைக்கு ஒரு வைஸும் ஒரு நல்ல றில்லும் வாங்கித் தாருங்கள் என்று இந்த மேடையிலிருந்து கேட்கிறேன்.

கட்ட நினைப்பவர்கள் மாசியில் தொடங்குங்கள். மழை விட்டிருக்கும், மண் இறுகியிருக்கும், கிணற்றில் சாந்து குழைக்கத் தண்ணீரும் இருக்கும். சோளகம் எழுமுன் சுவரை முடித்து ஆவணிக்குள் ஓடு போட்டுவிட்டால், வரும் ஆயுத பூசையை அங்கேயே வைக்கலாம்.